வாலை அமுக்கி அளக்கிறவர்

காலைச் சவாரி முடிந்து பள்ளிப் பேருந்தை நிறுத்தியதும், லீனோ ஃபுர்ட்டாடோ கடைசி இருக்கையிலிருந்து முதல் இருக்கை வரை ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுக்கொண்டே வருவார். தூங்கிப்போன பிள்ளை எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது விதி. நாங்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். இவர் இருபத்திரண்டு இருக்கையையும் தொட்டாக வேண்டும். தொட்டு முடித்த கையோடு, தன் டிரக்கின் பின்னால் கட்டியிருக்கும் கயாக்கின், அதாவது ஒற்றை ஆள் துடுப்புப் படகின், கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். "ரோண்டா, வரியா இல்லியா? மீனு உனக்காக மேக்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காது."

ரோண்டா நான்தான். பதினோரு வருஷமாக அதே பணிமனையில் பேருந்து ஓட்டுகிறேன். அவர் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். எங்கள் வேலை இரண்டு துண்டாக இருக்கும். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால், மதியம் ஒன்றரைக்குத்தான் மறுபடி சாவியைத் தொட வேண்டும். நடுவில் கிடைக்கும் நாலு மணி நேரத்தில் ஒருவர் தூங்குவார், இரண்டு பேர் சீட்டாடுவார்கள், ஒருத்தி உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். அக்டோபர் பிறந்துவிட்டால் லீனோ சக்கோனெட் ஆற்றில் இருப்பார். ஆறு என்று பெயர்தான். வாயில் விட்டால் கடல் உப்பு. ஓதம் ஏறும், இறங்கும்.

வயது அறுபத்திரண்டு. குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. உயிர்காப்புச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருப்பார். இனிப்பு ரொட்டிக்குள் சொரீசு, அதாவது மிளகாயும் பூண்டும் ஏற்றிய பன்றித் தொத்திறைச்சி. "சூடு ஆறாம இருக்கணும்ல?" என்பார். பதினோரு மணிக்கு வெளியே எடுக்கும்போது சூடு இருக்கும், ரொட்டி இருக்காது. சப்பட்டையாக ஏதோ ஒன்று இருக்கும். அதில் பாதியைப் பிய்த்துத் துடுப்பின் அகன்ற முனையில் வைத்து என் படகுக்கு நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு நாள் பேச மாட்டார்.

தண்ணீரிலும் அவருக்குப் பேருந்துத் தடம்தான். உடைந்த கல்பாலம் முதல் ஸ்டாப். சிவப்பு மிதவை சர்ச் ஸ்டாப். பாதி முழுகிக் கிடக்கும் பாறைக்கு 'ரெட்டைப் புள்ளைங்க வீடு' என்று பெயர். "இங்க அஞ்சு நிமிஷம் நிக்கணும். அதுங்க எப்பவும் லேட்டு," என்பார். நிற்பார். சொல்லிவைத்தாற்போல அங்கேதான் மீன் கடிக்கும். எனக்கு வயிறு எரியும்.

அவர் தூண்டில் வீசுகிற ஆள் இல்லை. ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு ரப்பர் குழாய், அதன் நுனி முள்ளில் ஒரு கடல்புழு. அதைப் பின்னால் தண்ணீரில் விட்டுவிட்டு, துடுப்பைப் போடுகிறாரா தடவுகிறாரா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகப் போவார். "வேகமாப் போனா புழு ஓடுற மாதிரி இருக்கும். புழு எங்கயாவது ஓடுமா?" என்று கேட்பார். எனக்கு அந்த நிதானம் ஏது? நான் துடுப்பைப் பிடித்தால் என் புழு நாலுகால் பாய்ச்சலில் போகும். ஆனாலும் அவர் பக்கத்தில் அப்படி ஊர்ந்து போகிற அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். கரையில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். உதிர்ந்த இலைகள் நம்மோடு கூடவே வரும். சில நாள் பனி இறங்கி, கரை, பாலம், வானம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும். போகிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது. எங்கேயோ ஆலாப் பறவைகள் கத்தும். மத்திக்குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மழைபோலச் சலசலக்கும். கண் திறந்தபடி தூங்குவது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டுதான் வரிக்கொடுவா மீன் வரும். வெள்ளி உடம்பு, அதில் ஏழெட்டுக் கருங்கோடுகள். குளிர் வருமுன் தெற்கே போய்விட வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். அது இழுத்தால் கயாக்கும் சேர்ந்து போகும். லீனோ எதிர்த்து இழுக்க மாட்டார். காலை நீட்டிக்கொண்டு, "எங்க கூட்டிட்டுப் போறியோ போம்மா," என்று உட்கார்ந்திருப்பார். பெரிய மீனெல்லாம் பெட்டைதான் என்பதால் எல்லாமே அவருக்கு அம்மா.

அளப்பதுதான் அவருடைய பெரிய கிறுக்கு. சட்டப்படி மீன் இருபத்தெட்டு அங்குலத்துக்குக் குறைந்தாலும் விட வேண்டும், முப்பத்தொன்றைத் தாண்டினாலும் விட வேண்டும். நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, ஒரு நாளைக்கு. அளக்கும்போது வாலின் இரண்டு முனையையும் சேர்த்து அமுக்கி அளக்க வேண்டும். அமுக்கினால் மீன் கொஞ்சம் நீளும். அதனால் ஆற்றில் பாதிப் பேர் அமுக்க மறந்துவிடுவார்கள். லீனோ தன் மீனுக்கு மட்டும் அல்ல, அடுத்தவன் மீனுக்கும் போய் வாலை அமுக்குவார். ஒரு வருஷம் சொந்த மச்சான் வாளியில் கிடந்த மீனை எடுத்து அமுக்கிப் பார்த்து, "கால் அங்குலம் கூட," என்றார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மச்சான் வீட்டில் அழைப்பு இல்லை.

இந்த வருஷம் ஜூன் மாதத்தில் அவர் மனைவி இர்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இர்மா சும்மா இருக்கிற பெண் இல்லை. வாயும் கையும் ஓயாது. மருந்து இரண்டையும் ஓய வைத்துவிட்டது. நாக்கில் ருசி செத்துப்போயிற்று. "எதத் தின்னாலும் சாவியச் சப்புற மாதிரி இருக்கு ரோண்டா," என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிடுவாள். நான் கொண்டுபோன சூப்பையும் தள்ளினாள். ஆள் பாதியாகிவிட்டாள். அக்டோபர் முதல் வாரம் ஒருநாள், கேட்காமலே சொன்னாள்: "வரிக்கொடுவாத் தலையப் போட்டு, உருளக்கெழங்கு, தக்காளியோட எங்கம்மா கொதிக்க வெப்பா. அது கெடச்சா ஒருவேள எறங்கும்." கடைகளில் அந்த மீன் வரத்து எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆற்றிலும் மாதக் கடைசிக்குள் கடைசிக் கூட்டம் போய்விடும்.

மறுநாளிலிருந்து லீனோ ஒரு நாள் தவறாமல் இறங்கினார். விதி பாருங்கள்! முப்பத்துநாலு, முப்பத்தெட்டு, நாற்பது என்று அம்மாக்களாக வந்தன. இல்லாவிட்டால் இருபத்தைந்து, இருபத்தாறு என்று பொடிசுகள். மூன்று நாள் காற்றடித்துத் தண்ணீரில் இறங்கவே முடியவில்லை. அந்த நாட்களில் டிரக்கில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றார். பாதியை எனக்கு நீட்ட மறந்துவிட்டார்.

இருபத்தேழாம் தேதி காற்று நின்று பனி இறங்கியது. என் படகின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் எங்கோ அவர் தூண்டில் நூல் சுருள் கிறீச்சென்று கத்தியது. பிறகு அந்தச் சத்தம் மெல்ல நகர்ந்து நகர்ந்து போனது. அதன் பின்னாலேயே போனேன். போய்ச் சேர்ந்தபோது மீன் அவர் மடியில் ஈரத்துண்டின்மேல் கிடந்தது. கயாக்கில் ஒட்டியிருந்த அளவுகோலில் அதை நீட்டிப் போட்டார். "முப்பத்தொண்ணு! ரோண்டா, முப்பத்தொண்ணுக்கு உள்ள!" என்று கத்தினார். சொன்ன வேகத்தில், கழுத்தில் தொங்கிய உறைக்குள்ளிருந்த போனை அமுக்கி இர்மாவைக் கூப்பிட்டார். முதலில் வாலை அமுக்காமல் அவர் எதையும் அமுக்கி நான் பார்த்ததில்லை.

"கெடச்சிருச்சு புள்ள," என்றார்.

"நெஜமாவா?" பனிக்குள்ளிருந்து இர்மாவின் குரல் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கேட்டது. "கெழங்க நானே உரிக்கிறேன். நீ வந்து ஒண்ணையும் தொடாத, நாசமாக்கிருவ." மூன்று வாரமாக அடுப்படிப் பக்கம் போகாதவள்.

போன் அணைந்தது. கை சும்மா இருக்குமா? தானாகவே வாலுக்குப் போய், இரண்டு முனையையும் சேர்த்து அமுக்கியது. மீன் நீண்டது. கோட்டைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு.

லீனோ மீனைச் சட்டென்று பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்கி, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தார். செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஒரு நகக்கண்ணுப்பா," என்றேன்.

"தெரியுது."

"இந்தப் பனியில என்னையே உனக்குச் சரியாத் தெரியல. எவன் வந்து பாக்கப்போறான்?"

"நீ பாத்துட்டியே."

"நான் குருடி. இந்த நிமிஷத்துலேருந்து."

அவர் சிரிக்கவில்லை. "அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா ரோண்டா. அதத் திருடிக் கொண்டுபோய் அவ வாயில வெக்கவா? ஜூன்லேருந்து நான் ஒரு தப்பு பண்ணல. ஒரு மஞ்ச வெளக்கக்கூடத் தாண்டல. இப்பப் போயி ஒண்ணு பண்ணி..."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் ஐந்து மாதமாக யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அந்த மீனை நானே பிடுங்கி என் படகில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் மீனுக்குத் தெம்பு வந்து, அவர் கட்டைவிரலைக் கவ்வி ஒரு கடி கடித்தது. தெம்பு வந்ததற்கு அதுதான் அடையாளம். விரலை விட்டார். வால் ஒருமுறை தண்ணீரை அடித்தது, போய்விட்டது. ஒரு மணி வரை துடுப்பைத் தடவிக்கொண்டே சுற்றினோம். ஒன்றும் கடிக்கவில்லை.

அன்று மதியம் அவர் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாராம்; பிள்ளைகள் கத்தித்தான் நிறுத்தினாராம். நாலரை மணிக்கு என் பேருந்துக்கு வந்து, "நீயும் வீட்டுக்கு வா," என்றார். தனியாகப் போக பயம்.

சமையலறை ஜன்னல் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு இர்மா அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெங்காயமும் தக்காளியும் பானையில் வதங்கி, கிழங்கு வெந்துகொண்டிருந்தது. தலைக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். அவர் கைகளைப் பார்த்தாள்.

"எங்க?"

"வால அமுக்கினேன்," என்றார் லீனோ. "தாண்டிருச்சு. விட்டுட்டேன்."

"எவ்ளோ?"

நகத்தைக் காட்டினார்.

இர்மா என் பக்கம் திரும்பினாள். "நீ கூடத்தானடி இருந்த? துடுப்பால மண்டையில ஒண்ணு போட்டு வாங்கிட்டு வரக் கூடாது?"

"சொல்லிப் பாத்தேன் இர்மா."

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா இந்த அளவுகோலோட குடும்பம் நடத்துறேன். திருட்டு மீனுன்னா ரெண்டு தட்டு தின்னிருப்பேன் மனுஷா! கூடக் கொஞ்சம் ருசியா இருந்திருக்கும்!" கத்தினதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. லீனோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். "கையக் குடு. குடுன்னா."

கட்டைவிரலில் தோல் உரிந்து உப்புக்காகிதத்தில் தேய்த்த மாதிரி இருந்தது. ரத்தம் காய்ந்து, அதன்மேல் கடல்தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. முள் குத்தி வரும் நாட்களில் செய்வதைப்போல, அவள் யோசிக்காமல் அந்த விரலை இழுத்து வாயில் வைத்தாள்.

"ஐயோ இர்மா, டாக்டர் என்ன சொன்னாரு..." என்று ஆரம்பித்தேன். மற்றக் கையைத் தூக்கி என்னை அடக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்பு," என்றாள், விரலை எடுக்காமலே.

பிறகு எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.