கூப்பிடாதவர்களை முதலில் பார்த்தவர்

பழனியம்மாள் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று அவர் மகள் செல்வி போன் செய்தபோது, நான் மலையடிவாரக் காரவள்ளியில் மலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "அம்மா போயிட்டாங்கக்கா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் அது தணியவில்லை. அவரை அறிந்த உங்களிடம் அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

மலைமேல் நானும் நர்ஸாக இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அவர் கீழே பேளுக்குறிச்சியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். கை கழுவிவிட்டு நேராக வார்டுக்குள் நுழைவார். வலியில் கத்துகிறவர்களைத் தாண்டி, சுவரோரம் சத்தமில்லாமல் படுத்திருக்கும் வயதானவர்களிடம்தான் முதலில் போவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கூப்புடறவங்களுக்கு இன்னும் தெம்பு இருக்குது கண்ணு. கூப்புடாதவங்களத்தான் மொதல்ல பாக்கோணும்" என்றார். போர்வையை விலக்கிக் குதிகாலில் படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்ப்பார். இடுப்புக்கு அடியில் கைவிட்டு ஈரம் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். நேற்று சரியாகச் சொன்னவர் இன்று தடுமாறினால், டாக்டரை வரவழைக்காமல் விடமாட்டார்.

அவரிடம் நான் வாங்கிய திட்டு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மலையிலேயே பெரக்கரை நாடு என்ற பகுதியிலிருந்து காய்ச்சலோடு ஒரு முதிய விவசாயி வந்து சேர்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சோறு அப்படியே திரும்பியது. 'உணவை மறுக்கிறார்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு சிஸ்டர் அவரிடம் போனார். "ஏனுங்க, சோறு புடிக்கலீங்களா?" என்று கேட்டார். "சோறு எங்கீங்க வெச்சிருக்குது?" என்றார் அவர். இரண்டு கண்ணிலும் புரை. தட்டு அவர் கைக்கு எட்டாத ஸ்டூலில் இருந்தது. சிஸ்டர் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்து, விரலைப் பிடித்துச் சோற்றில் தொடவைத்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. பிறகு என்னிடம் வந்தார். "மறுக்கறாருன்னு எழுதறதுக்கு முன்னால, தட்ட யாரு அவரு கையில குடுத்தாங்கன்னு எழுது." குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் முகத்தைத் தூக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. கீழே ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்ததாம். நான்காம் நாள் காலை நான் போனேன். செல்வியை வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே சிஸ்டரின் இரண்டு கைகளும் கட்டுத்துணியால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. யாரையோ திட்டிக்கொண்டே இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"நேத்துல இருந்து ஒரே ஒளறலுங்க. ஊசியப் புடுங்கிட்டாங்க, அதான் கட்டிட்டோம். வயசானா அப்படித்தானுங்க" என்றாள் அங்கிருந்த இளம் நர்ஸ்.

"மூத்திர ட்யூப் எப்ப எடுத்தீங்க?"

"நேத்து காலைலீங்க."

"அதுக்கப்புறம் மூத்திரம் போனாங்களா?"

அவள் ஷீட்டைப் புரட்டினாள். எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் சிஸ்டரின் அடிவயிற்றைத் தொட்டேன். கல் மாதிரி இருந்தது. ஒரு முழு நாள் அந்த வலியைத்தான் அவர் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பேர் அங்கே உளறல். கட்டை அவிழ்த்தேன். டாக்டர் வரும்வரை சத்தம் போட்டேன். மறுபடி ட்யூப் போட்டதும் பை நிறைந்தது. திருப்பிப் படுக்கவைத்தபோது முதுகின் அடியில் தோல் கருத்து உரிந்திருந்தது.

மாலைக்குள் கண் தெளிந்தது. "மல்லிகா" என்று என்னைக் கூப்பிட்டார். அவர் அடுத்துச் சொன்னது தன்னைப் பற்றி அல்ல. "பக்கத்துக் கட்டில்ல இருக்கற அம்மா சத்தமே காட்டறதில்ல. போயிப் பாரு."

போய்ப் பார்த்தேன். உதடு வெடித்து, நாக்கு காய்ந்து, தொட்டாலும் கண் திறக்காமல் ஒரு மூதாட்டி. அவர் ஷீட்டில் 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதியிருந்தது. அன்றே அவருக்கு வைத்தியம் தொடங்கியது. பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பழனியம்மாள் சிஸ்டர் வீட்டுக்குப் போகவில்லை. முதுகின் அடியிலிருந்த படுக்கைப்புண் ஆழமானது, சீழ் வைத்தது, ரத்தத்தில் கலந்தது. மூன்று வாரம் தாங்கினார். சாவுக்குக் காரணம் 'முதுமை' என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். முதுமை யாருடைய கையையும் கட்டுவதில்லை. அந்த இளம் நர்ஸ் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் முழு வார்டையும் அவள் ஒருத்தி தலையில் போட்டுவிட்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் அதைவிடப் பெரிய கோபம். செல்வியும் நானும் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பரிசீலிப்பதாகச் சொல்கிறார்கள்.

இழவு வீட்டில் உறவுக்காரர் ஒருவர், "வயசான காலத்துல நிம்மதியாப் போயிட்டாங்க" என்றார். "இல்லீங்க, அவங்கள சாக உட்டுட்டாங்க" என்றேன்.

ஆறுதலாக எதையும் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய விடாப்பிடியை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வயசானா அப்படித்தான் என்று இனி என் வார்டில் யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், "அப்படின்னா எப்படிங்க? எப்ப இருந்துங்க?" என்று கேட்பேன். பதில் வரும்வரை அந்தக் கட்டிலை விட்டு நகரமாட்டேன்.