ஒன்பது ஏ-க்கும் பி-க்கும் நடுவே

வாத்தியார் தொழிலில் தொண்டை போகும், முட்டி தேயும். இன்னொரு வாத்தியாரையே கட்டிக்கொண்டால் கொஞ்சம் மானமும் போகும். ஒரே பள்ளியில் மனைவியோடு குப்பை கொட்டும் சக ஆசிரியர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

பக்கத்து வகுப்புச் சிரிப்பு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவுக்கு என் மனைவி வசந்தி கணக்கு எடுக்கிறாள், பி பிரிவுக்கு நான். ஒரே பீரியட், ஒரே பாடம், நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு.

நான் அதிகம் பேசமாட்டேன். போர்டில் படிப்படியாக எழுதி, விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவேன். வசந்திக்கு சாக்பீஸே செலவாகாது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தொலைந்துபோன ஆள்தான் எக்ஸ் என்பாள். அவனைப் பிடிக்க வகுப்பே கத்தும். உடனே என் வகுப்பில் நாற்பது தலையும் அந்தப் பக்கம் திரும்பும். ஒருநாள் கார்த்திக் எழுந்தே நின்றுவிட்டான். "சார், இன்னா ஜோக்குன்னு மட்டும் கேட்டுகினு வந்துடட்டா?"

மூன்றாவது மனு

தடுப்பை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் கட்டித் தரும்படி, வருஷத்துக்கு ஒன்றாக ஹெச்.எம்.முக்கு மூன்று மனு கொடுத்தேன். மூன்றாவதற்கு, பொங்கல் லீவில் கட்டிவிடலாம் என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து வெற்றிச் செய்தியைச் சொன்னேன். வசந்தி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "மனுவைப் பார்த்தேங்க. மார்ஜின்லாம் போட்டு அழகா எழுதியிருந்தீங்க."

யாஸ்மினின் அம்மா

என் வகுப்பில் யாஸ்மின் என்று ஒரு பெண். முத்து முத்தான கையெழுத்து, காலாண்டில் நூற்றுக்கு இருபத்திரண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தயங்கித் தயங்கி அவர் கேட்டது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "கோச்சுக்காதீங்க சார். பெயிலாயிடுவாளோன்னு பயமா கீது. டீச்சர் கிளாஸ்ல போட்டுடறீங்களா?"

சத்தமில்லாத நாள்

அரையாண்டு வரை பொறுங்கள், அப்புறம் மாற்றிவிடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, யாஸ்மினை ஜன்னலோரக் கடைசி பெஞ்சிலிருந்து என் மேஜைக்கு எதிரே, தடுப்பை ஒட்டிய பெஞ்சுக்கு மாற்றினேன். சீக்கிரமே அவளுக்குக் கணக்குகள் சரியாக வர ஆரம்பித்தன. நம் கண்ணெதிரே உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும் என்று எனக்குக் கர்வம்கூட வந்தது.

பிறகு ஒருநாள் வசந்தி ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஏ பிரிவு வாயைத் திறக்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று தீபாவளி. ஆனால் நான் கொடுத்த மூன்று கணக்கில் ஒன்றைக்கூட யாஸ்மின் தொடவில்லை. இன்றைக்குத்தான் சத்தமே இல்லையே, இன்றைக்கு என்ன கேடு என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி சொன்னாள், "அதான் சார்."

ஐம்பத்தெட்டு

அரையாண்டில் யாஸ்மினுக்கு ஐம்பத்தெட்டு. அம்மாவிடம் கொடுத்த வார்த்தை இருக்கிறதே, ஏ பிரிவுக்குப் போகிறாயா என்று அவளைக் கேட்டேன். போகிறேன் என்று சொல்லிவிடக் கூடாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவளோ பதறிப்போனாள். "வேணாம் சார்! நீங்க எழுதறத பாத்துகினே டீச்சர் சொல்றத கேப்பேன். ரெண்டும் சேந்தாத்தான் புரியுது. செவுரு கட்டப் போறாங்களாமே, நெசமா சார்?"

சுவர் வேண்டுமென்று மூன்று மனுவைத் தனியாகவே எழுதிய நான், சுவர் வேண்டாம் என்ற நான்காவது மனுவை, அடுப்படியிலிருந்து வசந்தி சொல்லச் சொல்ல, மார்ஜின் போட்டு எழுதிக்கொண்டேன்.