கண்ணாடிக்குள் இரண்டு அத்தை

என் தாய்மாமா போட்டோ எடுத்தால் எருமை நன்றாக விழும். யானைமலை நன்றாக விழும். மேலூர் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற பஸ்கூட, ஜன்னலோரத்தில் ஒருவர் கொட்டாவி விடுவது தெரிகிற அளவுக்குத் தெளிவாக விழும். என் அத்தை மட்டும் விழவே மாட்டாள்.

எழுபதுகளின் கடைசி அது. ஒத்தக்கடையை ஒட்டி, வயலுக்கு நடுவில் எங்கள் வீடு. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அத்தை என்பது அப்பாவின் தங்கை. மாமா என்பது அம்மாவின் தம்பி; வில்லாபுரத்தில் இருந்தார். மில்லில் தற்காலிக வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்தக் கேமரா தெற்குவாசலில் ஒரு பாயிடம் வாங்கியது. பழையதுதான், ஆனால் பாய் அதை விற்க மனசில்லாமல்தான் விற்றாராம். நல்ல கனம். தோலுறையைத் திறந்தால் புதுச் செருப்பு வாசனை வரும். பொத்தானை அமுக்கினால் பல்லி சொன்ன மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அதில் ஒரு விசேஷம் உண்டு. நாம் பார்க்கிற ஜன்னலின் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். முன்னால் இருக்கிற வளையத்தை மெல்லத் திருகினால் இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றாகும். ஒன்றான பிறகு அமுக்கினால் படம் தெளிவாக விழும். எனக்கு அது சாமி வித்தை மாதிரி இருந்தது.

குறை என்று சொன்னால் ஒன்று. பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற கண் வேறு. அந்தக் கண்ணுக்கு மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும்.

அத்தைக்கு வாடிப்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு சர்க்கார் வேலை. பெண்ணின் போட்டோவை முதலில் அனுப்பச் சொன்னார்கள். அப்பா ஸ்டூடியோவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் லட்சணமான பெண்ணாக இருந்தால் ஸ்டூடியோக்காரர்கள் வாசல் கண்ணாடிப் பெட்டியில் படத்தை மாட்டிவிடுவார்கள், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான் என்று அவருக்குப் பயம். அதனால் மாமாவிடம் சொன்னார்.

முதல் தடவை அத்தை பட்டுப்பாவாடை தாவணியில் அரைநாள் நின்றாள். பிலிம் சுருள் கழுவி வந்தபோது எருமை இருந்தது, மலை இருந்தது, அத்தை நின்ற படமெல்லாம் வெறும் இருட்டு.

"மூடியக் கழட்ட மறந்துட்டேன் மச்சான்" என்றார் மாமா.

"மூடுன பானையில எவனாச்சும் கஞ்சி அள்ளுவானா மாப்ள?" என்றார் அப்பா.

இரண்டாம் தடவை அத்தை விழுந்தாள். ஆனால் தலையில் இரண்டு கொம்போடு விழுந்தாள். அத்தையை எடுத்துவிட்டு, சுருளைத் திருகாமல் அதன்மேலேயே எங்கள் எருமையையும் எடுத்திருக்கிறார் மாமா. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"இத அனுப்புனா எமலோகத்துலருந்துதான் மாப்பிள்ளை வருவான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்து, கோபத்தை விட்டுவிடக் கூடாதே என்று மீசையை நீவிக்கொண்டார்.

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். அத்தை அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஒங்க மாமாகிட்டச் சொல்லு, கொம்பு எனக்கு நல்லாத்தேன் இருக்குன்னு" என்றாள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா சைக்கிள் செயினைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார். இத்தனை கேலிக்கு ஆளாக்கியும் மாமாவைத் திட்டாத அத்தையின் பெருந்தன்மையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பொங்கலுக்குள் போட்டோ வரவில்லையென்றால் வேறு இடம் பார்ப்பார்கள் என்று தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா மாமாவைக் கூப்பிட்டார். "இந்தத் தடவையும் விழல, அந்த டப்பாவத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு ஸ்டூடியோவுக்குக் கெளம்பிருவேன். சொல்லிட்டேன்."

ஊரில் யாரிடமும் இல்லாத கேமரா. அதைவிட, என் மாமாவின் மானம். என்ன ஆனாலும் இந்தத் தடவை படம் விழுந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பம்புசெட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் அத்தையை நிறுத்தினார்கள். அப்பா வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தீனி எடுத்துக்கொண்டிருந்தார். மாமா கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"மாமா, மூடி!" என்று கத்தினேன்.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடியைக் கழற்றினார். மறுபடி கண்ணில் வைத்தார்.

"மாமா, சுருளத் திருகல!"

"மருமகனே, ஒனக்கு வேற சோலியே இல்லயா? தொட்டியில போயிக் குளிக்கலாம்ல?"

"வளையத்த அம்புட்டுத் திருகக் கூடாது மாமா. அத்த கலங்கலா விழும்."

தொட்டிப் பக்கமிருந்து அத்தை, "வெவரமான புள்ள" என்றாள். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "அவன்கிட்டயே குடு மாப்ள! அவனுக்காச்சும் வெவரம் தெரியுது."

மாமா கேமரா வாரை என் கழுத்தில் மாட்டிவிட்டு என் பின்னால் போய் நின்றார். நான் ஜன்னலில் பார்த்தேன். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு அத்தை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருகினேன். ஓர் அத்தை நகர்ந்து நகர்ந்து வந்து இன்னோர் அத்தைக்குள் போய்ச் சேர்ந்தாள். அமுக்கினேன்.

அந்தச் சுருளைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்த மாமா, உறையை அப்பா கையில் கொடுத்துவிட்டு, அம்மா வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தை விழுந்திருந்தாள். அப்படி விழுந்திருந்தாள். பின்னலில் பிரிந்த முடி தெரிந்தது, தொட்டியிலிருந்து தெறித்து நின்ற தண்ணீர்ச் சொட்டு தெரிந்தது. ஒரே ஒரு கோளாறு, அத்தை கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே பார்த்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இத நீ எடுக்கும்போது ஒங்க மாமன் எங்கடா நின்னான்?"

"எனக்குப் பின்னாடித்தான்ப்பா. என் தலைக்கு மேல."

அப்பா படத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மா பார்த்தாள். "நான் எப்புடிங்க கேக்குறது, என் தம்பிக்கின்னு" என்று சன்னமாகச் சொன்னாள். அப்பா வாடிப்பட்டி விலாசம் எழுதி வைத்திருந்த கவரை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னொண்ணு எடுக்குறேம்ப்பா. அத்தைய நேராப் பாக்கச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம்டா. இதுக்கு மேல தெளிவா எவனாலயும் எடுக்க முடியாது" என்று என் தலையைத் தடவினார்.

தெளிவாக இருக்கிறதாம், ஆனால் அனுப்ப மாட்டாராம். மறுநாள் காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். அம்மா பையில் தேங்காய், பழம், வெற்றிலை, கட்டிய மல்லிகைப் பூ எல்லாம் எடுத்து வைத்தாள். வில்லாபுரத்துக்குப் பஸ் ஏறப் போனார். எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று சுருளை வீணாக்கியதற்கு மாமாவை அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை பிடிக்கப் போகிறார். தேங்காய் எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

பின்வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் மூச்சிரைக்க ஓடினேன். "அத்த, அப்பா மாமாவ அடிக்கப் போறாரு! வில்லாபுரத்துக்குப் போயிட்டாரு! பூவெல்லாம் வாங்கிட்டுப் போறாரு!"

அத்தை கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டாள். சாம்பல் கையோடு என்னைத் தூக்கி, முற்றத்தில் சுற்று சுற்றென்று சுற்றினாள். நான் மாமாவுக்காக ஓவென்று அழுதுகொண்டே சுற்றினேன். ஒரு மனுஷன் அடிவாங்கப் போவதில் இம்புட்டு சந்தோஷப்படுகிற ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.