புளி போட்டு மினுக்கிய சில்லு

எங்கள் வான் வண்டியை ஓட்டுவது நான். அதைத் துடைப்பது, சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, காற்று இருக்கிறதா என்று பார்ப்பது, வருடத்துக்கு ஒருமுறை அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பது எல்லாம் என் கணவர்.

இவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்கவில்லை. இங்கே பாரிசில் அதை எல்லோரும் பெர்மி என்பார்கள். மூன்று தடவை எழுத்துச் சோதனைக்குப் போனார். பிரெஞ்சில் ஒரு கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் திரையில் அடுத்த கேள்வி வந்துவிடும். நான் நாற்பத்தோராவது வயதில் இரண்டாவது தடவையே எடுத்துவிட்டேன். அதை எனக்கு முதல் இவர்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன், அதை மறைப்பானேன்.

பாரிசுக்குப் பக்கத்து லா கூர்னெவில் ஒரு பண்டசாலைக்குப் பின்னால் சின்னச் சமையலறை ஒன்றை வாடகைக்கு எடுத்து இடியப்பம் அவித்துக் கொடுக்கிறோம். விடியுமுன் இவர் மா குழைத்துப் பிழிவார், நான் அவிப்பேன். சூடு ஆறாமல் பெட்டிகளில் அடுக்கி பாரிசில் தமிழர் நிறைந்த லாச்சப்பல் கடைகளுக்குக் கொண்டு போவது என் வேலை. நான் புறப்படுமுன் இவர் வானைச் சுற்றி வந்து நாலு சில்லையும் காலால் ஒவ்வொரு தட்டுத் தட்டுவார். பிறகு முன்னால் வந்து கையைத் தூக்கிக் காட்டுவார். காலால் தட்டியதில் இவருக்கு என்ன விளங்கியதோ, நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கையைக் காணாமல் நான் வானை எடுத்ததும் இல்லை.

வான் இரண்டாம் கையாக வாங்கியது. முதல் வைத்திருந்தவன் ஷோக்குப் பேர்வழி போல, வேலை வானுக்குப் போய் மினுங்குகிற அலுமினிய ரிம் போட்டிருந்தான். வாங்கப் போன அன்று நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க, இவர் குந்தியிருந்து ரிம்மில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் தெரு உறைந்து வழுக்காமலிருக்க இங்கே உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பும் கரைந்த பனியும் சேர்ந்த சேறு சில்லில் அப்பிக்கொள்ளும். காய்ந்ததும் வெள்ளைப் பொருக்காக நிற்கும். வான் வாங்கிய முதல் குளிரிலேயே இவர் சொன்னார்.

"இஞ்சாருமப்பா, உப்புக் கொட்டின நாளிலை திரும்பி வந்தவுடனை சில்லுக்கு ரெண்டு வாளி தண்ணி அடிச்சுவிடும். உப்பு சும்மா இராது."

நான் திரும்பி வரும்போது இவர் பகல் வேலைக்கு, ஒரு உணவகத்துக்கு, போயிருப்பார். ஆகவே வாளி தூக்க வேண்டியது நான்தான். "ஓம், ஓம், பாப்பம்" என்றேன். மூன்று மணிக்கு எழும்பியவளுக்கு அந்தக் குளிரில் தண்ணீரைத் தொட மனம் வருமா? மழை பெய்தால் கழுவுப்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். அப்படியே மூன்று குளிர்காலம் போயிற்று.

மூன்றாவது குளிர் முடிந்து, மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறைக்கு வந்து பார்க்கச் சொல்லி இவர் தொலைபேசியில் கூப்பிட்டார். போனால், சமையலறை வாசலில் சின்னச் சட்டி நிறையப் புளிக்கரைசல், கையில் இடியப்பச் சட்டி தேய்க்கிற கம்பித் தும்பு. வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கை எப்படிப் புளி போட்டுத் தேய்ப்பாரோ அப்படியே நாலு ரிம்மையும் தேய்த்திருந்தார். உப்புப் பொருக்கு ஒன்றும் இல்லை. ஈரத்தில் எல்லாம் பளபள என்று நின்றது.

"எப்பிடி?" என்றார்.

"கலியாண வீட்டுக்கு விடலாம்" என்றேன். உண்மையாகவே எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காய்ந்த பிறகுதான் தெரிந்தது. பித்தளைக்குச் செய்கிறதைப் புளி அலுமினியத்துக்குச் செய்யாது. தும்பு மேற்பூச்சை உரித்திருந்தது, உரிந்த இடமெல்லாம் புளி கடித்திருந்தது. ரிம் முழுக்கத் தேமல் விழுந்த மாதிரித் திட்டுத் திட்டாக மங்கிப் போயிற்று. இவர் ஒரு துணியை எடுத்து அரை மணி நேரம் துடைத்துப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும், உள்ளே வைத்துக்கொண்டதுதான் பிழை.

அந்த வாரமே, வியாழக்கிழமை காலை, லாச்சப்பலில் முதல் கடைக்குப் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் முன்பக்க இடது சில்லு தரையோடு இருந்தது. ஆணி இல்லை, வெட்டு இல்லை, காற்று மட்டும் இல்லை. இன்னும் நாலு கடைக்குக் கொடுக்க வேண்டிய இடியப்பம் உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. இவருக்குத் தொலைபேசி அடித்தேன். வேலைக்குப் போகாமல் ரயில் பிடித்து கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி, கால் பம்பை ஒரு கடைப் பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பையை வைத்துவிட்டுக் குனிந்தபோது மூச்சு வாங்கியது. பம்பை மிதிக்க மிதிக்க ரிம்மின் ஓரத்தால் காற்று சீறிக்கொண்டு போனது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று அது முழுதாக நீண்டது.

"புளி போட்டுத் தேய்க்கச் சொல்லி ஆர் உங்களைக் கேட்டது? இது என்ன குத்துவிளக்கோ? மூண்டு தரம் எழுதியும் பெர்மி எடுக்கேலாத ஆளுக்குச் சில்லிலை என்ன வேலை?"

பாரிசில் வேறு எந்தத் தெருவில் நின்று கத்தியிருந்தாலும் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. நான் கத்தியது லாச்சப்பலில். மரக்கறி அடுக்கிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணை கையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டோடு அப்படியே நின்றார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இவர் பம்பை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார். மிச்சப் பெட்டிகளைத் தலையிலும் தோளிலுமாகத் தூக்கி, நாலு கடைக்கும் நடந்து போய்க் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போனார்.

வானை இழுத்துக்கொண்டு போய் விட்ட டயர் கடை ஓர் அல்ஜீரியக்காரருடையது. டயரைக் கழற்றி ரிம்மின் உள் விளிம்பை எனக்குக் காட்டினார். டயரின் உதடு போய் உட்காருகிற இடம் முழுக்க வெள்ளை மாவாகப் பூத்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. இது உப்பு, ஒரு குளிர்காலத்து வேலை இல்லை, பல குளிர் சேர்ந்தது என்றார். நான் புளிக் கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதனால் வெளியழகு போனது உண்மை, ஆனால் புளி இந்த இடத்துக்கு வரவே இல்லை, காற்றுப் போனதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றார். குளிர் தொடங்குமுன் ஒரு தடவை மெழுகு பூசி, உப்புத் தெருவில் ஓடி வந்த நாளில் வெறும் தண்ணீர் அடித்திருந்தால் இன்னும் பல வருடம் வந்திருக்கும் என்றும் சொன்னார்.

நாலு சில்லையும் மாற்றி, கறுப்பு இரும்புச் சில்லுப் போட்டுக்கொண்டு வந்தேன். பழையதை அங்கேயே விட்டுவிட்டேன். பின்னேரம் இவர் வந்து வானைத் தூரத்தில் நின்று பார்த்தார்.

"புளியாலைதானோ?" என்று கேட்டார்.

நான் சோற்றைப் போட்டேன். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததே பதிலாகப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து இவர் பெட்டிகளை ஏற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். சில்லைத் தட்டுவதில்லை. கை தூக்குவதில்லை. கோபமும் இல்லை. சாப்பிட்டீரா என்று கேட்பார், தேத்தண்ணி போட்டுத் தருவார், எனக்குக் கால் உளைந்தால் எண்ணெய் பூசிவிடுவார். வானை மட்டும் தொடமாட்டார். நான் தனியே இறங்கி, ஒருவரும் பார்க்காமல், காலால் சில்லைத் தட்டிப் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். கண்ணாடியில் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு புறப்படுவேன். கோடையும் போயிற்று. பிந்தப் பிந்தச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

நவராத்திரி வந்தது. விஜயதசமிக்கு இவர் இடியப்ப உரலுக்கும் அவிக்கிற நீத்துப்பெட்டிகளுக்கும் பொட்டு வைத்தார். மா அரிக்கிற அரிதட்டுக்கும் வைத்தார். சந்தனக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டார். மற்ற வருடங்களில் முதல் பொட்டு வானுக்குத்தான். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சம்பழத்தை வைத்து, நான் ஏறி நசித்துக்கொண்டு போக, இவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அன்று அவருக்கு வேலை லீவு.

"லாச்சப்பலுக்கு ஒருக்கா என்னோடை வாங்கோ" என்றேன்.

"ஏன்?"

"வாங்கோவன்."

அதே கடைக்கு முன்னால் வானை விட்டேன். கடைக்கார அண்ணையிடம் நாலு தேசிக்காய் வாங்கினேன். இவர் நடைபாதையில் நின்றார். அண்ணைக்கும் கேட்கட்டும் என்று வாசலில் நின்றே சொன்னேன்.

"அண்டைக்கு இதிலை நிண்டு நான் கத்தினது பிழை. காத்துப் போனது புளியாலை இல்லை, உப்பாலை. நீங்கள் தண்ணி அடிக்கச் சொன்னனீங்கள், நான் அடிக்கேல்லை. டயர் கடையிலை எனக்கு அண்டைக்கே சொன்னவை. நான் உங்களுக்குச் சொல்லேல்லை."



"தெரியும்" என்றார் இவர்.

"என்ன தெரியும்?"

"அடுத்த கிழமையே அந்தப் பழைய ரிம்முகளை எடுக்க டயர் கடைக்குப் போனனான். நான் பழுதாக்கின சாமானை அங்கை விட மனம் வரேல்லை. அந்த மனிசன் உள்பக்கத்தைக் காட்டினவர். அவரின்ரை பிரெஞ்ச் பாதி விளங்கேல்லை. உப்பு விளங்கும்தானே."

"அப்ப ஏன் ஏழு மாசமா ஒண்டும் சொல்லேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

ஏழு மாதம் ஒவ்வொரு விடியற்காலையும், எல்லாம் தெரிந்துகொண்டே, இந்த மனிதர் என் பெட்டிகளை ஏற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. கடைக்கார அண்ணை எங்களைப் பார்க்காமல் முருங்கைக்காயை எண்ணத் தொடங்கினார்.

இவர் என் கையிலிருந்த பையை வாங்கினார். குனிந்து, சுற்றி வந்து, நாலு கறுப்புச் சில்லுக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காயாக வைத்தார். வைத்துவிட்டு எழும்பி ஒவ்வொன்றையும் காலால் தட்டினார். நான் ஏறி இருந்தேன். முன்னால் வந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

கண்ணீர் மறைத்து எனக்குத் தெரு தெரியவில்லை. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான், திரும்பவும் அடித்தான். இவர் தூக்கிய கையை இறக்காமல், நான் எடுக்கும்வரை அப்படியே நின்றார்.