எந்த ராணி?

அந்தக் காலத்தில் கடைகள் விளம்பரத்துக்காகச் சவரன் மாதிரியே அடித்துக் கொடுத்த பித்தளைக் காசுகளைப் பற்றி ஆராய்ந்து வருகிறேன். நேற்று தூத்துக்குடி நாணயக் கண்காட்சியில் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அதே பித்தளை வாடை. பின்பக்கம் எங்கள் பாத்திரக்கடையின் பெயர்.

என் சிறுவயதில் ஒரு தீபாவளிக்கு அப்பா அடிக்கக் கொடுத்தது. மற்ற கடைக்காரர்கள் போடுகிற இங்கிலாந்து ராணி தலையே போதும் என்றாள், புளியும் சாம்பலுமாகக் கடைக் குடங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா.

"அந்த ராணியா வந்து நம்ம குடத்தைத் தேய்க்கா? ஏளா, இங்கன திரும்பி உக்காரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காசுக்கு அச்சு வெட்டுபவரைக் கூப்பிட்டார் அப்பா.

"இது எந்த ராணி, அண்ணாச்சி? மூக்குத்தியெல்லாம் போட்டிருக்காங்க" என்றார் நேற்று கண்காட்சியில் அந்தக் காசை விற்றவர்.

"எங்கம்மாவாக்கும்" என்றேன்.