தெனிம்பாவின் கந்தல்

மாலிப் பேரரசின் தலைநகரில், அரண்மனை வாசலில் உட்கார்ந்து தெனிம்பா கந்தல் வாடகைக்கு விட்டாள். அரசர் முன் நல்ல உடையில் நிற்பது குற்றம். பாலைவனம் தாண்டி உப்பு கொண்டுவந்த வணிகரும், தங்கம் எடுக்கும் தெற்கை ஆண்ட அதிகாரியும் கிழிசலை மாட்டி, தலையில் புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டுதான் பேச வேண்டும். நாடு செழிக்கச் செழிக்க, பெரியவர்கள் வீட்டில் கந்தலுக்குப் பஞ்சம் வந்தது. தெனிம்பா மூன்று வீடு கட்டியது அதில்தான். பக்கத்தில், பாக்கு போல மெல்லும் கோலாக்கொட்டை விற்ற நான், பேரரசின் வளத்தை அவள் கொடியில் தொங்கிய கிழிசலை வைத்தே கணித்தேன்.

ஒரு காலை, வாசல் காவலனின் மைத்துனன் சுமானா அவள் பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு அங்கே கடை போட்டான். புதுத் துணியைக் கத்தியால் கீறித் தொங்கவிட்டிருந்தான்.

“டேய் பயறு தின்னி, பதினாறு வருசமா நான் உக்காந்த இடம்டா இது.”

“பயறு தின்னி உங்க குலம்தான் அக்கா. ராஜாகிட்டயே போய்ச் சொல்லேன்.”

இரு குலத்துக்கும் ஒருவரையொருவர் இப்படிக் கூப்பிடும் கேலி முறை உண்டு. சண்டையிலும் அதை விடுவதில்லை.

தெனிம்பா முறையிடக் கிளம்பினாள். மூன்று ஆளுநர்களுக்கு மன்னிப்பு வாங்கித் தந்த கந்தலை உடுத்தினாள்.

“அக்கா, கொஞ்சம் கிழிசல் கம்மியானதா எடுத்துக்கோயேன்,” என்றேன்.

“ஊரையே உள்ள அனுப்பினவ நான். நீ கொட்டையப் பாரு.”

உள்ளே, இடம் பறிபோனதை அவள் சொல்லி முடித்ததும் அரசர் முணுமுணுத்தார். அவர் சொல்லை உரக்கச் சொல்பவர் எழுந்தார். “இவ்வளவு ஏழைகிட்ட யாரு என்னத்தப் பறிச்சிருக்கப் போறாங்க? பசியில பினாத்துது பாவம். வெள்ளிக்கிழமைதோறும் கம்பு குடுங்க.”

மூன்று வீட்டைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். அந்தக் கோலத்தில் அதைச் சொன்னால் அரசரை ஏமாற்றியதாகும். இன்னும் கொஞ்சம் புழுதியைத் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் பணிவைச் சபை மெச்சியது.

இதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறை தவறவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

வெளியே சுமானா கேட்டான்: “தீர்ப்பு என்னக்கா?”

“கம்பு.”

மற்றக் கந்தல்களை அவனிடமே விற்றாள். கம்பைக் கழுதைகளுக்குப் போட்டாள். அந்த ஒரு கந்தலுக்கு மட்டும் அவன் எவ்வளவோ உப்பு தருவதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு அது வேண்டும்.