நீலமாக வந்தால் நிம்மதி இல்லை

இரும்புத் தகடு எங்கே கிழியும் என்பதை அது கிழிவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு; இதே தொழிலில் தூக்கம் கெட்ட சகாக்களே, உங்களுக்குத்தான் இது.

இரண்டு முகம்

அதியமான்கோட்டையில் என் வீட்டு மாடிதான் ஆபீஸ். பாப்பாரப்பட்டியில் பட்டறை வைத்திருக்கும் முருகேசன், மாங்கூழ் ஆலைக்கு ஒரு நீராவிக் கலன் செய்திருந்தார். அந்த ஆலையில் நீராவி வால்வைத் திறக்கும் வேலை அவர் தம்பிக்கு. நான் சரி என்று சொன்னால்தான் திறக்கலாம்.

கணக்கில் தகட்டின் மேல்முகத்தில் ஒரு ஸ்ட்ரெஸ், அதாவது இரும்புக்குள் ஏறும் விசை, கீழ்முகத்தில் ஒரு ஸ்ட்ரெஸ் கிடைக்கும். இரண்டின் சராசரி தகட்டை இழுப்பது, வித்தியாசத்தில் பாதி அதை வளைப்பது, இரண்டுக்கும் தனித்தனி வரம்பு என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தகடு ஒண்ணுதானுங்களே சார், அதுக்கு எதுக்குங்க ரெண்டு கணக்கு?"

சிவப்பு

தீர்த்தமலையிலிருந்து என்னோடு வேலை பார்க்கும் செல்வி கணக்கை அனுப்பினார். இழுவை வரம்பைத் தாண்டி, கம்ப்யூட்டர் படம் முழுக்க ஒரே சிவப்பு. கலனையே உடைத்துப்போட வேண்டியதுதான்.

பார்த்தால், எல்லாத் திசையையும் ஒன்றாக்கிய மொத்த ஸ்ட்ரெஸைச் சராசரி எடுத்திருக்கிறார். அதற்கு ஏது கூட்டல் கழித்தல் குறி? ஒரு முகத்தில் இழுப்பு, மறுமுகத்தில் அமுக்கம் என்று சராசரியில் கழிந்துபோக வேண்டிய வளைவும் இழுவையாகத்தான் தெரியும். திசைவாரியாகச் சராசரி எடுத்த பிறகல்லவா ஒன்றாக்க வேண்டும்! போனில் இதைச் சொன்னேன். "அண்ணா, போன வாரம் காலேஜ்ல இந்தத் தப்பைப் பண்ணாதீங்கன்னு பேசிட்டு வந்ததே நாந்தானுங்க, போனை வெச்சுடறேன்."

நீலம்

திருத்திய கணக்கில் எல்லாம் நீலம், ஆபத்தே இல்லை என்று அர்த்தம். கலனில் நீராவிக் குழாய் சேரும் இடத்தில்கூட வளைவு ஏறக்குறைய பூஜ்யம். அங்கே வளையாமல் எப்படி இருக்கும்? உட்கார முடியவில்லை. மொட்டைமாடியில் நடந்தேன். ஆலையில் மாங்காய் லோடு இறங்கிவிட்டது என்று முருகேசன் போன்மேல் போன்.

திரும்ப வந்து மாடலைத் துருவினேன். கணக்குக்காகத் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்திருப்போம்; பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் ஒன்றுக்கு மேல்முகம் உள்ளே, மற்றதற்கு வெளியே. சேரும் இடத்தில் இழுப்பும் அமுக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. முகங்களை ஒரே பக்கம் திருப்பியதும் வளைவு வரம்பைத் தாண்டி நின்றது. உடனே முருகேசனுக்குப் போன் செய்து, நீராவி விடாதீர்கள், குழாயைச் சுற்றி இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்தால்தான் தாங்கும் என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "மாங்கா அழுகினா அடுத்த வருசம் காய்க்குமுங்க சார். வால்வுகிட்ட நிக்கிறவன எறங்கி வரச் சொல்லிட்டு வெல்டரக் கூப்புடறேன்."

சிவப்புக்கும் பதறி நீலத்துக்கும் பதறிப் பழகியதில், இப்போதெல்லாம் வீட்டில் பால் பொங்காவிட்டாலும் ஏன் பொங்கவில்லை என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன்.